அம்மா மெத்தைகளைத் தெருவில் போட்ட ஆண்டு

1962ஆம் ஆண்டு மே மாதம் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழேகால் மணி. முந்தின இரவு இடியோடு பெய்த கோடைமழை ஓய்ந்து, கரமனை ஆற்றின்மேல் வெயில் சுள்ளென்று விழத் தொடங்கியிருந்தது. தெருவெங்கும் நனைந்த மண்ணின் வாசனை. அதையும் மீறி மூக்குக்குள் ஏறிய இன்னொரு வாசனை, பல வருஷத்துத் தலையெண்ணெயும் வியர்வையும் மழைக்காலப் புழுக்கமும் ஊறிப்போன பழைய இலவம்பஞ்சினுடையது. என் அம்மா எங்கள் வீட்டு மெத்தைகள் ஐந்தையும் தலையணைகள் ஒன்பதையும் ஒவ்வொன்றாக இழுத்துவந்து வாசலுக்கு வெளியே, தெருவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிறுதோறும் ஏழேகாலுக்குச் சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். அன்று சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கடிகாரத்துக்கு முதுகைக் காட்டியபடி, கூடத்தின் நடுவில் நின்றுவிட்டார். கடிகாரமும் சற்றுநேரத்தில் நின்றது. ஏழு வயதுக்காரனான நான் அவர் பக்கத்தில் நின்று தலையணைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மலையாள நாட்டில் இருந்த எங்கள் தமிழ் அக்கிரகாரத்தில் மெத்தையைத் தெருவில் போடுவது சாதாரணக் காரியம் அல்ல. ஒரு வீட்டு வாசலுக்கு வெளியே மெத்தை கிடந்தால், அதில் படுத்திருந்தவர் போய்விட்டார் என்று பொருள். பிணம் எடுக்கும்வரை தெருவில் யார் வீட்டிலும் அடுப்பு எரியக்கூடாது. அன்று மூன்று வீடுகளில் அடுப்பை அணைத்துவிட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. முதலில் வந்தவர் எதிர்வீட்டு மாமா. மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குரலை வெகுவாகத் தாழ்த்தி, அப்பாவிடம் கேட்டார்:

"எப்போ ஆச்சு, சங்கரா? ராத்திரிகூட இருமல் கேட்டுதே. அக்காதானே?"

அக்கா என்று அவர் சொன்னது என் அத்தையை. அப்பாவின் மூத்த சகோதரி. சின்ன வயதில் கணவரை இழந்து எங்களோடு இருந்தவள், வீட்டில் எந்தத் தீர்மானமும் அவள் வாயிலிருந்துதான் வரவேண்டும். அப்பா பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து வரிசையாகத் தும்மல்கள் கேட்டன. பன்னிரண்டாவது தும்மலோடு அத்தையே வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஏண்டா, நான் போறதுக்கு எத்தனை நாளாத் துண்டை இடுப்புல கட்டிண்டு காத்துண்டிருக்கே?"

"அய்யோ, அப்படி இல்லை அக்கா. மெத்தை வெளியில கிடந்துதா..."

"மெத்தைதான் போச்சு. நான் இருக்கேன். ஆள் மூச்சு விட்டுண்டிருக்கறச்சேயே மெத்தையைத் தெருவுல போட்டவளை நீ எங்கயாவது கண்டிருக்கியா? நம்ம கோமுவைப் பார்த்துக்கோ."

கோமு என்கிற கோமதி, என் அம்மா, ஆறாவது தலையணையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். அவள் மாமாவையும் பார்க்கவில்லை, அத்தையையும் பார்க்கவில்லை. மூக்கையும் வாயையும் மூடி ஈரத்துணி சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்து, "ராஜாமணி, ஆத்தங்கரைக்குப் போ. தூசி அடங்கி நான் வந்து கூப்பிடறவரைக்கும் உள்ளே வரப்டாது. மனசிலாச்சா?" என்றாள். நான் படித்துறைக்குப் போய்ப் படிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இவ்வளவும் எனக்காக நடந்தது. எனக்கு "இழுப்பு". நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் சத்தம் வரும், மூச்சை உள்ளே இழுக்கலாம், வெளியே விட முடியாது. மூன்று வயதில் தொடங்கி ஒவ்வொரு மழைக்காலத்திலும் கூடிக்கொண்டே வந்தது. உட்கார்ந்தபடி, முழங்கால்மேல் கைகளை ஊன்றி, உத்தரத்துக்கு மேலே பரப்பியிருந்த பலகைகளை எண்ணுவேன். எண்ணிக்கொண்டிருந்தால் பயம் சற்றுத் தள்ளி நிற்கும். மொத்தம் முப்பத்தேழு பலகை. எண்ணும் பழக்கம் என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டது அப்போதுதான், இன்றுவரை விடவில்லை.

வீட்டில் யாரும் என்னைக் கவனிக்காமல் விட்டார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. கவனித்ததுதான் கஷ்டமாகப் போயிற்று. ஈரக்காற்று படக்கூடாது என்று, ஜன்னலே இல்லாத உள்ளறையில் என்னைப் படுக்க வைப்பார்கள். அந்த அறையில்தான் நெல் கொட்டும் "பத்தாயம்" இருந்தது. அதன்மேல் கொலுப் பொம்மைகளைக் கிழிந்த வேட்டிகளில் சுற்றி வைத்த இரண்டு மரப்பெட்டிகள். சுவர் முழுவதும் சுவாமி படங்கள், ஒவ்வொன்றிலும் போன வருஷத்துச் சந்தனமாலையும் காய்ந்த பூச்சரமும். மூலையில் அப்பா திருத்திக் கட்டிவைத்த பழைய பரீட்சைத் தாள்கள். இருப்பதில் கனமான மெத்தை எனக்கு. போர்த்திக்கொள்ள, காசிக்குப் போனபோது தாத்தா வாங்கிவந்ததாகச் சொல்லப்பட்ட கம்பளி. அது துவைக்கப்பட்டதே இல்லை, காசியிலிருந்து வந்ததைத் துவைக்கலாமா? வெள்ளிக்கிழமை தோறும் அத்தை தூபக்காலில் கனல் போட்டு, "சாம்பிராணி" தூவி, வீடு முழுக்கக் காட்டிவிட்டு, கடைசியில் என் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து பிடிப்பாள். "நன்னா உள்ளுக்கு இழு. சளியெல்லாம் கரைஞ்சு போகும்" என்பாள். நான் இழுப்பேன். அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு வேறு எதையும் இழுக்க முடியாது.

அத்தைக்கும் ஒரு உபாதை இருந்தது, ஆனால் அதை யாரும் உபாதையாகக் கருதவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் தும்முவாள். ஒன்பதுக்குக் குறையாது, பதினான்குக்கு மேல் போகாது. ஒற்றைப்படையில் நின்றால் அபசகுனம் என்று, மூக்கில் துணித்திரியை விட்டாவது இன்னொன்றை வரவழைத்து இரட்டைப்படை ஆக்குவாள். தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பால் வாங்க எழுந்திருப்பார்கள்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் என் நிலைமை மோசமாகி, அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனார். டாக்டர் மலையாளி, எங்களுக்காகத் தமிழ் பேசுவார். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இவிடத்தெ ஈர்ப்பம் கொச்சனுக்குப் பற்றில்லா, சாரே. காய்ஞ்ச ஊருல ஆரெங்கிலும் உண்டா?" என்று கேட்டார். இந்த ஊர் ஈரம் பையனுக்கு ஒத்துக்கொள்ளாது, வறண்ட ஊரில் உறவுக்காரர்கள் இருக்கிறார்களா என்பது கேள்வி. இருந்தார்கள். அப்பாவின் அண்ணா, என் பெரியப்பா, பாளையங்கோட்டையில் இருந்தார். அவருக்குக் குழந்தை கிடையாது. எனக்கு மூத்தவன் ஒருவன் வீட்டில் இருந்தான். ஆகவே இரண்டாமவனைக் கொடுப்பதில் சாஸ்திரத்துக்கும் தடையில்லை. "வைத்தியத்துக்காக ஒரு வருஷம்" என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. அப்படிப் போன பிள்ளை திரும்பி வராது என்பது அம்மாவுக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும், எனக்கே தெரியும். "அவனுக்கு மூச்சு வந்தாப் போரும்டா. யார் ஆத்துப் பிள்ளையா இருந்தா என்ன?" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். கடிதம் போயிற்று. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அங்கே சேர்ப்பதாகப் பதிலும் வந்தது.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத் தயங்கித்தான் இத்தனை வருஷம் இந்தக் கட்டுரையை எழுதாமல் இருந்தேன்.

எங்கள் வீட்டில், அந்தக் காலத்து எல்லா வீடுகளையும்போல, பெண்கள் மாதத்தில் மூன்று நாள் "தூரம்" உட்காரவேண்டும். கொல்லைப்பக்கம், கிணற்றை ஒட்டி அதற்கென்று ஒரு சின்ன அறை. அவர்கள் எதைத் தொட்டாலும் அது துவைக்கப்படவேண்டும், கழுவப்படவேண்டும். ஆகவே அங்கே எந்தச் சாமானும் கிடையாது. சிமெண்ட் தரை, ஒரு கோரைப்பாய், ஒரு பழைய புடவை, ஒரு தட்டு, ஒரு சொம்பு. நாலாம் நாள் காலையில் அத்தனையையும் வெந்நீரில் அலசி வெயிலில் போட்டு, தரையை இரண்டு முறை தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, தலைக்குக் குளித்துத்தான் வீட்டுக்குள் வரலாம். பங்குனியில் அம்மா அப்படி உட்கார்ந்திருந்தபோது உள்ளறையில் எனக்கு இழுப்பு வந்தது. நான் திணறித் திணறி அழுதுகொண்டு கொல்லைக்கு ஓடி, அம்மாவைக் கட்டிக்கொண்டுவிட்டேன்.

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "தொட்டுட்டான்! கட்டிண்ட துணியோட தொட்டுட்டான்! இந்த இழுப்புல இவனை எப்படிக் குளிப்பாட்டறது?"

அம்மா என்னை விடவில்லை. "குளிப்பாட்ட வேண்டாம் அக்கா. என்கிட்டயே கிடக்கட்டும். நாலாம் நாள் ரெண்டு பேரும் சேர்ந்து வரோம்" என்றாள்.

தெருப் பையன்களுக்கு இது போதாதா? "ராஜாமணி எங்கேடா?" என்று ஒருவன் கொல்லை மதிலுக்கு அந்தப்புறம் நின்று கத்துவான். "அவன் வெளியில உக்காந்திருக்கான்! நாலாம் நாள் தலைக்குக் குளிச்சுட்டுத்தான் பந்தடிக்க வருவான்!" என்று இன்னொருவன் பதில் சொல்வான். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் நாள் சாயங்காலமே பூனைக்குட்டியின் சத்தம் அடங்கிவிட்டது. மூன்று நாளும் படுத்துத் தூங்கினேன். அந்த அறையில் நான் எண்ணவே இல்லை, எண்ணுவதற்கு அங்கே எதுவும் இருக்கவுமில்லை. நாலாம் நாள் குளித்துவிட்டு உள்ளே வந்தேன், அன்றைக்கே மறுபடி இழுப்பு.

அத்தை, "பார்த்தியா, தீட்டைத் தொட்டதுக்குப் பலன்" என்றாள்.  அடுத்த மாதம், தன் நாள் வந்ததும், அம்மா தானே என்னைக் கூப்பிட்டு, "வந்து தொடு" என்றாள். மறுபடி மூன்று நாள், மறுபடி இழுப்பு இல்லை. உள்ளே வந்த மறுநாள் மறுபடி ஆரம்பித்தது. அப்புறம்தான் அப்பாவிடம் பேசினாள். சாப்பாட்டுக்குப் பிறகு, கூடத்தில், அத்தைக்கும் கேட்கும்படியாக.

"ஊர் ஈரம் ஆகாதுன்னு டாக்டர் சொல்றார். கிணத்தடியில இருக்கற ஈரம் ஊருல வேற எங்க இருக்கு? அங்கே இவனுக்கு ஒண்ணும் இல்லையே. உள்ளே இருக்கறதுதான் ஏதோ ஆகலை. கேளுங்கோ, எது ஆகலைன்னு எனக்கு அறியாது. அதனால எல்லாத்தையும் எடுத்துடப் போறேன். ஒரு மழைக்காலம் பாருங்கோ. ஆடி முடியறதுக்குள்ள இவனுக்கு இழுத்துதுன்னா, நானே கொண்டுபோய்ப் பாளையங்கோட்டையில விட்டுட்டு வரேன்."

அப்பா வழக்கம்போல் அத்தையைப் பார்த்தார். அத்தை, "வீட்டையே தூரத்து அறை ஆக்கப்போறியா?" என்று கேட்டாள்.

"ஆமாம், அக்கா."

 பிள்ளையைத் தன் இன்னொரு தம்பிக்குக் கொடுக்கவிருந்த தாயோடு மேற்கொண்டு வாதாட அத்தைக்கு மனம் வரவில்லை. ஆடி முடியும்வரை பொறுக்கும்படி அப்பா பெரியப்பாவுக்கு எழுதினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெத்தைகள் போனது அதன் பிறகுதான். சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு பஞ்சு வியாபாரி கைவண்டியோடு வந்து அவற்றை எடுத்துப்போனான். அம்மா கல்யாணமாகி வந்தபோது பிறந்தவீட்டில் கொடுத்த மெத்தையும் அதில் ஒன்று. தொடர்ந்து எட்டு நாள் வேலை நடந்தது. பத்தாயம் கொல்லைத் தாழ்வாரத்துக்குப் போயிற்று. பொம்மைகளைச் சுற்றியிருந்த துணிகள் எரிக்கப்பட்டு, பொம்மைகள் தகரப்பெட்டிக்கு மாறின. படங்களின் காய்ந்த மாலைகள் ஆற்றில் விடப்பட்டன. பரீட்சைத் தாள்களை அப்பா தானே கட்டித் தூக்கிக்கொண்டு எங்கோ போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். உள்ளறையின் பின்சுவரில் ஆளை வைத்து ஒரு ஜன்னல் திறக்கப்பட்டது. விளக்குமாற்றை அம்மா கொல்லைக்கு அனுப்பிவிட்டாள். "பெருக்கினா தூசி எழும்பி ஒக்காந்துக்கும்" என்று சொல்லி, பழைய கோணியை நனைத்துப் பிழிந்து, முழங்காலிட்டு, சுவரோரத்திலிருந்து சுவரோரம்வரை தரையை இழுத்துத் துடைப்பாள். சனிக்கிழமை தோறும் படுக்கைத் துணிகள் எல்லாம் பித்தளை அண்டாவில் சவுக்காரம் போட்டுக் கொதிக்கும். நாங்கள் அனைவரும் கோரைப்பாயில் படுத்தோம், தலைக்கு மடித்த வேட்டி. அப்பாவுக்கு இடுப்பு வலித்தது. அண்ணா முனகினான். கடைசியில் அம்மா தூபக்காலைக் கழுவிக் கவிழ்த்து, பரணில் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி இல்லாத வீடு எங்கள் தெருவில் அது ஒன்றுதான். "அம்பாளுக்கு விளக்கு போரும்" என்று மட்டும் சொன்னாள்.

இடவப்பாதி என்று எங்கள் பக்கம் சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது. எங்கள் ஊரில் அது விட்டுவிட்டுப் பெய்யாது; ஆறு படித்துறையின் மேற்படிவரை ஏறி நிற்கும், சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும், துணி மூன்று நாளானாலும் காயாது. அம்மா பாய்களை அடுப்பங்கரைச் சூட்டில் காட்டி எடுப்பாள். ஜூன் போயிற்று. ஜூலையில் இரண்டு நாள் லேசாக நெஞ்சு கட்டி, தானே விட்டது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தெருவில் ஓடினேன். உள்ளறையில் படுத்துக்கொண்டு பலகைகளை எண்ணாமல் தூங்கினேன். என்னையும் கூட்டிக்கொண்டு தூரம் உட்கார்ந்த நாட்களைத் தவிர, அம்மா ஒரு நாள்கூடக் கோணியைக் கீழே வைக்கவில்லை. முழங்கால் இரண்டும் கறுத்துக் காய்ப்பேறிப்போயின.

ஆடி மாதம் கடைசி வாரத்தில் அவளுடைய மூன்று நாள் வந்தது. இந்த முறை என்னை அவள் கூட்டிக்கொள்ளவில்லை. உள்ளே வீட்டிலேயே நன்றாக இருக்கிறான் என்று நிரூபிக்க வேண்டுமென்ற பிடிவாதம் அவளுக்கு. வீட்டுப் பொறுப்பு அத்தையிடம் வந்தது. அத்தைக்கு என்மேல் உயிர். மழை கொட்டுகிறது, பிள்ளை வெறும் பாயில் கிடக்கிறான், திறந்த ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்கிறது. பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு மனம் வருமா? ஜன்னலைச் சாத்தினாள். பெட்டிக்குள் ஒளித்துக் காப்பாற்றி வைத்திருந்த காசிக் கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டாள். நடுவில் வெள்ளிக்கிழமை வந்தது; ஆடி வெள்ளி வேறு. பரணிலிருந்து தூபக்காலை எடுத்து, மூன்று மாதத்துக்கும் சேர்த்துச் சாம்பிராணி போட்டாள். சனிக்கிழமை காலையில் என் உதடு நீலமாகிவிட்டது. அப்பா பெரியப்பாவுக்குத் தந்தி கொடுத்தார். அவர் திங்கட்கிழமை மத்தியானமே பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் எனக்காக ஒரு புதுச் சிலேட்டோடு.

அதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்மா தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வந்தாள். சாத்திய ஜன்னலைப் பார்த்தாள், கம்பளியைப் பார்த்தாள், தூபக்காலைப் பார்த்தாள். சத்தம் போடப்போகிறாள் என்று நான் பயந்தேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "ராஜாமணி, அத்தை இன்னிக்குக் காலம்பற எத்தனை தடவை தும்மினா?"

மூச்சுக்கு நடுவில் சொன்னேன்: "பதிமூணு. அப்புறம் திரி விட்டுண்டு ஒண்ணு."

"நேத்து?"

"பத்து."

"போன வாரம்?"

"ரெண்டு. சில நாள் அதுவும் இல்லை."

அத்தை வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தும்முவதை யாராவது எண்ணுவார்கள் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. தும்மல் நின்றுபோயிருந்ததும் அவளுக்கே தெரிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அம்மா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்தாள். கோணியை நனைத்தாள். முழங்காலிட்டுச் சுவரோரத்திலிருந்து ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா, "காலம்பற பஸ்ஸுக்கே கிளம்பிடலாம்" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தானே சொன்ன வாக்கு, ஆடிக்குள் இழுத்துவிட்டது. அவள் எதுவும் பேச முடியாது. அத்தைதான் பேசினாள்.

"அவன் எங்கயும் வரலை."

"என்ன அக்கா இது? தந்தி வந்ததே?"

"தந்தி வந்தா என்ன? அங்கே வெயில்ல பிள்ளை கறுத்துப்போயிடுவான். தண்ணியும் உப்பு."

"தாமிரவருணித் தண்ணியா உப்பு?" பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாசியில நீதானே எழுதச் சொன்னே, கூட்டிண்டு போன்னு?"

"சொன்னேன். இப்போ வேண்டாம்னு சொல்றேன். ரெண்டும் நான்தானே சொல்றேன்?"

அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் வாதாடியதில்லை. பெரியப்பா என்னைப் பார்த்து, "உனக்குன்னு பெரியம்மா ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கா" என்றார். மறுநாள் காலை அவர் தனியாகப் போனார். சிலேட்டை என்னிடமே விட்டுவிட்டார். அம்மா பஸ் வரும் இடம்வரை அவரோடு நடந்துபோய், பெரியம்மாவுக்கு என்று ஒரு புடவையைக் கொடுத்துவிட்டு வந்தாள். அதைத் தவிர அவளிடம் வேறு நல்ல புடவை இருந்ததாக எனக்கு நினைவில்லை. அன்று மத்தியானம் அத்தை கம்பளியைத் தானே அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தாள். காசிக் கம்பளி ஒரு தோளுக்குப் போடும் துண்டளவு சுருங்கி வெளியே வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

என் இழுப்பு ஒரேயடியாகப் போய்விட்டதென்று சொல்லமாட்டேன். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை வந்து, மாத்திரைக்கு அடங்கும். நான் அந்த வீட்டிலேயே வளர்ந்தேன், படித்தேன், அரசாங்கத்தில் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் போனேன், ஓய்வு பெற்றேன். அம்மா உடம்பில் தெம்பு இருந்தவரை தரையைத் துடைத்தாள். முழங்கால் மடங்காமல் போனபிறகு, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மற்றவர்கள் துடைப்பதைக் குறை சொன்னாள்.

இப்போது எனக்கு எழுபத்தொரு வயது. அதே வீடு, மனைவி காலமானபிறகு நான் மட்டும். இரண்டு வருஷமாக இழுப்பு மறுபடி வந்திருக்கிறது. டாக்டர் ஒரு இளம்பெண், எது ஒவ்வாது என்று அறியக் கையில் வரிசையாக ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, மெத்தையிலும் தலையணையிலும் குடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிதான் காரணம் என்றாள். மருந்தை ஒழுங்காக உறிஞ்சச் சொன்னாள். படுக்கைத் துணிகளை வாராவாரம் வெந்நீரில் துவைக்க வேண்டும், அறையில் சாமான் குறைக்க வேண்டும், ஈரத்துணியால் துடைக்க வேண்டும், ஊதுவத்திகூடக் கொளுத்தக்கூடாது என்று அச்சடித்த தாள் ஒன்றையும் கொடுத்தாள். பெங்களூரில் இருக்கும் என் மகன், "அந்த ஈர வீட்டைப் பூட்டிட்டு இங்கே வந்துடுங்கோ அப்பா. பத்தாவது மாடி, ஒரு பூச்சி வராது" என்று வாரத்துக்கு நாலு முறை சொல்கிறான். ஒரு மழைக்காலம் பார்க்கலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கொல்லையறை இப்போது இல்லை. என் கல்யாணத்துக்குப் பிறகு அதை இடித்துக் குளியலறையாக்கினோம். என் மனைவி ஒரு நாள்கூட அங்கே உட்கார்ந்ததில்லை, மருமகளுக்கு அப்படி ஒன்று இருந்தது என்பதே தெரியாது. அது போனதில் எனக்கு வருத்தம் இல்லை. எனக்கு மூச்சு கிடைத்த அறைதான், ஆனால் அது அம்மாவை வெளியே உட்கார வைப்பதற்காகக் கட்டிய அறை. வெறுந்தரையில் எத்தனை மாதம், எத்தனை மூன்று நாள் அவள் அப்படிக் கிடந்திருப்பாள் என்று கணக்குப் போட ஒருமுறை உட்கார்ந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். கணக்கை நான் பாதியில் நிறுத்தியது அந்த ஒரு தடவைதான். கிணறு மூடப்பட்டுவிட்டது. பித்தளை அண்டாவும் கோணியும் போய்விட்டன. தெருவில் பாதி வீடுகள் அடுக்குமாடிகளாகிவிட்டன. ஈரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சித்திரை முதல் வைகாசி வரை வேலை பார்த்தேன். முழங்காலிட முடியாது, நீளக் கம்பில் கட்டிய துணியால், சுவரோரத்திலிருந்து ஆரம்பித்துத் துடைக்கிறேன். படுக்கையறையிலிருந்த புத்தகங்களை எல்லாம் ஒரு வாசகசாலைக்கு அனுப்பினேன், முதல் நாள் இரண்டைத் திரும்ப எடுத்து வந்து, மறுநாள் அதையும் கொடுத்துவிட்டேன். மழை தொடங்கி இன்றோடு பத்தொன்பது நாள். நெஞ்சில் சத்தம் இல்லை. நேற்று மகன் கூப்பிட்டு, "எவ்வளவு செலவாச்சு? அந்தப் பணத்துக்கு இங்கே வந்து போகப் பத்து டிக்கெட் வாங்கியிருக்கலாமே" என்றான். வந்து போவதற்கான கணக்கு என்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டு, இங்கே இருப்பதற்கான கணக்கை வாசித்தேன்: மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த உறை ஆறாயிரத்து நானூற்றைம்பது, கோரைப்பாய் இரண்டு தொள்ளாயிரம், துணித்திரைகளை எடுத்துவிட்டுத் துடைக்கக்கூடிய மறைப்பு போட்டது மூவாயிரத்து இருநூறு, உள்ளறைச் சுவரில் ஈரக்கசிவை அடைத்தது எண்ணாயிரத்து ஐந்நூறு, புத்தகங்கள் போன ஆட்டோவுக்கு அறுநூற்று நாற்பது. மொத்தம் பத்தொன்பதாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.